12-11-1923 சீல்: ஒரு ஜெர்மன் ஓவர்பிரின்ட் லாட்டைப் பிரிச்சு மேஞ்ச கதை

போன வருஷம் ஒரு ஆன்லைன் ஏலத்துல 46 ஸ்டாம்ப் அடங்கின ஒரு ஸ்டாக் கார்டு வாங்குனேன். எல்லாமே 1923 ஜெர்மனி, எல்லாமே ஓவர்பிரின்ட், அதாவது அச்சடிச்ச ஸ்டாம்ப் மேல திரும்ப புது விலை அடிச்சது, முக்கியமா எல்லாமே சீல் குத்துனது. விக்கிறவர் போட்ட விவரத்துல 'யூஸ்டு' அப்படிங்கிற வார்த்தை மூணு தடவை வந்துச்சு, அப்பவே எனக்கு மூக்கு வேர்த்திருக்கணும், வேர்க்கல. அந்த லாட்டை பார்சல் பிரிச்சதுலேர்ந்து முடிவுக்கு வந்தது வரைக்கும் முழுசா எழுதிடலாம்னு தோணுச்சு, ஏன்னா இந்த ஏரியாவுல புதுசா இறங்குறவங்க எல்லாரும் நான் விழுந்த அதே குழியிலதான் விழுறாங்க.

முதல்ல ஒரு விஷயம். சாதாரணமா ஸ்டாம்ப் சேக்குறதுல என்ன பழக்கம்? சீல் படாத மிண்ட் ஸ்டாம்ப்னா விலை ஜாஸ்தி, சீல் குத்தி பழசானதுன்னா கம்மி. ஜெர்மன் இன்ஃப்ளேஷன் ஸ்டாம்ப்ல, அதாவது அங்க பண மதிப்பு அதலபாதாளத்துக்குப் போன காலத்து ஸ்டாம்ப்ல, இது அப்படியே தலைகீழ். மிண்ட் ஸ்டாம்ப் கொட்டிக் கிடக்கு, சின்ன வயசுல நம்ம எல்லாரும் வாங்குன '100 ஃபாரின் ஸ்டாம்ப்' பாக்கெட்ல கட்டாயம் ரெண்டு மூணு இதுல இருக்கும், ஒரு வட்டத்துக்குள்ள பெருசா நம்பர் போட்டு மிலியார்டன்னு எழுதியிருக்கும், ஆஹா கோடீஸ்வரன் ஆயிட்டோம்னு நினைச்சிருப்போம். ஆனா அதே ஸ்டாம்ப் 1923-ல நெசமாவே ஒரு லெட்டர் மேல ஒட்டி, நெசமான போஸ்ட் ஆபீஸ்ல, சரியான தேதியில சீல் வாங்கியிருந்தா சிலதுக்கு பத்து மடங்கு, சிலதுக்கு நூறு மடங்குக்கு மேலயே விலை. ஏன்னா அந்த ஸ்டாம்ப் பிரயோஜனப்பட்ட காலமே சில நாள்தான். மிச்சமெல்லாம் கவுண்டர்லயும் கம்பெனி மேசை டிராயர்லயும் தங்கிப் போச்சு.

அப்ப கள்ளன் என்ன பண்ணுவான்? ஸ்டாம்ப்பையே அடிக்க மாட்டான், அது எதுக்கு வெட்டி வேலை, ஒரிஜினலே சல்லிசா கிடைக்குதே. அவன் சீலைத்தான் அடிப்பான். ஒரிஜினல் ஸ்டாம்ப், ஒரிஜினல் ஓவர்பிரின்ட், பொய் சீல். இந்த லாட்டோட கேஸ் மொத்தமும் இந்த ஒரு வரியிலதான் இருக்கு.

இப்ப பின்னணி கொஞ்சம், ரொம்ப இழுக்கல. 1923 ஜனவரி 11 அன்னிக்கு ஃப்ரான்ஸும் பெல்ஜியமும் ஜெர்மனியோட தொழிற்சாலைப் பகுதியான ரூருக்குள்ள படையோட வந்து உக்காந்தாங்க, முதல் உலகப் போர் நஷ்ட ஈடு சரியா வரலைன்னு. ஜெர்மன் அரசாங்கம் அங்க இருக்கிற தொழிலாளிங்களை வேலை செய்யாதீங்கன்னு சொல்லி, சம்பளத்தை நோட்டு அடிச்சுக் குடுத்துச்சு. ஏற்கனவே ஆட்டம் கண்டிருந்த மார்க், அதான் ஜெர்மன் பணம், அதுக்கப்புறம் நிக்கவே இல்ல. 1914-ல ஒரு டாலர் 4.2 மார்க். 1923 ஜனவரி சராசரி சுமார் 18 ஆயிரம், ஜூலைல மூணரை லட்சம், ஆகஸ்ட்ல 46 லட்சம், செப்டம்பர்ல கிட்டத்தட்ட 10 கோடி, அக்டோபர்ல 2,500 கோடி, நவம்பர் நடுவுல 4.2 லட்சம் கோடி. இதுல நமக்கு ஒரு வசதி இருக்கு பாருங்க, இங்கிலீஷ்காரனுக்கு ஜெர்மன் 'பில்லியோன்' வேற தன் 'பில்லியன்' வேறன்னு தலைவலி, நமக்கு லட்சம் கோடின்னு சொன்னா முடிஞ்சுது. மிலியோன்னா 10 லட்சம், மிலியார்டன்னா 100 கோடி, பில்லியோன்னா லட்சம் கோடி. டவுசென்ட்னா வெறும் ஆயிரம். இந்த நாலை மனசுல வச்சுக்கிட்டா போதும், மிச்சத்துக்கு கால்குலேட்டர் இருக்கு.

போஸ்ட் ஆபீஸ் இதுல மாட்டிக்கிச்சு. ஊர் விட்டு ஊர் போற 20 கிராம் லெட்டருக்கு மார்ச் 1-லேர்ந்து 100 மார்க். ஜூலை 1-ல 300. ஆகஸ்ட் 1-ல 1,000. இது வரைக்கும் கூட சமாளிச்சாங்க. ஆகஸ்ட் 24-ல ஒரேயடியா 20 ஆயிரம். செப்டம்பர் 1-ல 75 ஆயிரம். செப்டம்பர் 20-ல இரண்டரை லட்சம். அக்டோபர் 1-ல 20 லட்சம், 10-ந் தேதி 50 லட்சம், 20-ந் தேதி ஒரு கோடி. நவம்பர் 1-ல 10 கோடி, 5-ல 100 கோடி, 12-ல 1,000 கோடி, 20-ல 2,000 கோடி, 26-ல 8,000 கோடி.

இந்த ஸ்பீடுக்கு புது டிசைன் வரைஞ்சு பிளேட் எடுத்து அச்சடிச்சு ஊர் ஊருக்கு அனுப்ப முடியுமா? அதனால கையில இருந்த பழைய பிளேட்டையே போட்டு, அது மேல கறுப்பு மசியில புது விலையை அடிச்சாங்க. பெர்லின்ல இருந்த அரசாங்க அச்சகத்தால மட்டும் முடியாம பல ஊர்கள்ல தனியார் அச்சகத்துக்கும் வேலை குடுத்தாங்க. 30 ஃபெனிக் (நூறு ஃபெனிக் ஒரு மார்க்) ஸ்டாம்ப் மேல '8 டவுசென்ட்', 12 மார்க் மேல '20 டவுசென்ட்', 300 மார்க் மேல '75 டவுசென்ட்', இப்படி.

அந்த நம்பர்கள் பாக்க கன்னாபின்னான்னு தெரியும். 8 ஆயிரமா? 30 ஆயிரமா? 75 ஆயிரமா? 4 லட்சம், 8 லட்சமா? யாரோ லாட்டரி குலுக்கிப் போட்ட மாதிரி. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் ரேட்டு பட்டியலைப் பக்கத்துல வச்சுப் பாத்தப்பதான் மண்டையில பல்ப் எரிஞ்சுது. 8 ஆயிரம்ங்கிறது ஆகஸ்ட் 24-லேர்ந்து வெளியூர் போஸ்ட் கார்டு ரேட்டு. 20 ஆயிரம் அதே நாள்லேர்ந்து வெளியூர் லெட்டர். 30 ஆயிரம் செப்டம்பர் 1 வெளியூர் கார்டு, 75 ஆயிரம் லெட்டர். 1 லட்சம் செப்டம்பர் 20 கார்டு, இரண்டரை லட்சம் லெட்டர். அக்டோபர் 1-ல உள்ளூர் கார்டு 4 லட்சம், வெளியூர் கார்டு 8 லட்சம், லெட்டர் 20 லட்சம். ஆக பெரும்பாலான ஓவர்பிரின்ட் ஒவ்வொண்ணும் ஒரு குறிப்பிட்ட ரேட்டுக்காகப் பொறந்தது. அந்த ரேட்டு எத்தனை நாள் உயிரோட இருந்துச்சோ அத்தனை நாள்தான் அந்த ஸ்டாம்ப் ஒண்ணே ஒண்ணு ஒட்டி அனுப்புற தனியாள் வாழ்க்கை. 8 டவுசென்டுக்கு ஆகஸ்ட் 24-லேர்ந்து 31 வரைக்கும், வெறும் 8 நாள். 8 லட்சத்துக்கு அக்டோபர் 1-லேர்ந்து 9 வரைக்கும், 9 நாள்.

இன்னொரு அழகு, அடி ஸ்டாம்ப்போட கலரையே மாத்திட்டாங்க. 4 லட்சம் எல்லாம் ப்ரவுன், கீழ 15 ஃபெனிக்கா 25 ஃபெனிக்கா 40 ஃபெனிக்கா என்னவா இருந்தாலும் ப்ரவுன்தான். 8 லட்சம் எல்லாம் வெளிர் பச்சை, அடியில 5 ஃபெனிக் இருந்தாலும் 1,000 மார்க் இருந்தாலும். அதனால ஓவர்பிரின்ட் விழாம தப்பிப் போன ஸ்டாம்ப் ஒண்ணு கிடைச்சா கலரை வச்சே கண்டுபிடிச்சிடலாம், அது தனி வேட்டை, நமக்கு இப்ப வேண்டாம்.

சரி, லாட்டுக்கு வருவோம்.

பார்சல் வந்த அன்னிக்கு ராத்திரி டேபிள் லைட் போட்டு, பத்து மடங்கு லென்ஸை எடுத்துக்கிட்டு உக்காந்தேன். எங்க பக்கத்துல மூத்த கலெக்டர் ஒருத்தர் இருக்காரு, நாப்பது வருஷமா இதே வேலை, நான் அவரை அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். அவருக்கு போட்டோ அனுப்பினேன். திரும்பி வந்தது ஒரே வாய்ஸ் மெசேஜ்: "தம்பி, படத்தையும் பாக்காத, நம்பரையும் பாக்காத. தேதியை மட்டும் பாத்து ஒரு பேப்பர்ல வரிசையா எழுது. எழுதிட்டு ரேட்டு பட்டியலோட ஒத்துப் பாத்துட்டு அப்புறம் எனக்குப் பேசு."

அப்படியே செஞ்சேன். 46-ல 14 ஸ்டாம்ப்புல தேதி படிக்கவே முடியல, சீலோட ஓரம் மட்டும் விழுந்திருக்கு, இல்ல மசி அப்பியிருக்கு. அதை ஓரமா வச்சாச்சு. மிச்சம் 32.

அதுல 9 ஸ்டாம்ப் என்னைப் பாத்து சிரிச்சுது. ஒன்பதுலயும் ஒரே ஊர் சீல். ஒன்பதுலயும் ஒரே தேதி, 12.11.23. அதை விட, சீல் விழுந்த இடமும் ஒரே மாதிரி, ஸ்டாம்ப்போட வலது கீழ் மூலையில சுத்தமா கால் வட்டம், தேதி மட்டும் பளிச்சுன்னு படிக்கிற மாதிரி, டிசைன் கெடாம. சம்பளம் வாங்கிக்கிட்டு அவசரத்துல ஆயிரக்கணக்குல லெட்டர் குத்துற குமாஸ்தா இவ்வளவு அன்பா குத்துவானா? லென்ஸ்ல பாத்தா ஊர் பேருல ஒரு எழுத்தோட கால் உடைஞ்சிருக்கு, ஒன்பதுலயும் அதே எழுத்து அதே இடத்துல உடைசல். இது ஒண்ணை வச்சே முடிவு சொல்லிட முடியாது, ஒரே ஆபீஸ்ல ஒரே முத்திரைக் கட்டையால ஒரே நாள்ல குத்துனா உடைசல் ஒரே மாதிரிதான் வரும், அது நியாயம்தான். சந்தேகம் வருது, நிரூபணம் வரல.

நிரூபணம் வந்தது கணக்குல. அந்த ஒன்பதுல அஞ்சு ஸ்டாம்ப் 8 டவுசென்ட். ரெண்டு 20 டவுசென்ட், ஒரு 30, ஒரு 75. நவம்பர் 12-ந் தேதி லெட்டர் ரேட்டு என்ன? 1,000 கோடி மார்க். 8 ஆயிரம் மார்க் ஸ்டாம்ப்பை வச்சு 1,000 கோடி கட்டணும்னா எத்தனை ஸ்டாம்ப் ஒட்டணும்? பன்னெண்டரை லட்சம். நூறு ஸ்டாம்ப் இருக்கிற ஷீட்டா எடுத்தா 12,500 ஷீட். லெட்டர் எடை 20 கிராம் தாண்டக் கூடாதுன்னு வேற விதி! லாரி வச்சுதான் அந்த லெட்டரை அனுப்பணும். 75 டவுசென்ட்னா கொஞ்சம் பரவாயில்ல, ஒரு லட்சத்து முப்பத்து மூணாயிரத்துச் சொச்சம் போதும்.

அந்த ஸ்டாம்ப் அன்னிக்கு செல்லும்னே வச்சுக்கிட்டாலும், புத்தி உள்ள ஒருத்தன் அதை லெட்டர்ல ஒட்டியிருக்க மாட்டான். ஆக ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, யாரோ ஸ்டாம்ப் பிரியர் கவுண்டர்ல குமாஸ்தாவைக் கெஞ்சி சும்மா குத்தி வாங்குனது, அதை சலுகை சீல்னு சொல்லுவாங்க. இல்லைன்னா, பல வருஷம் கழிச்சு ஒருத்தன் மிண்ட் ஸ்டாம்ப்பை எடுத்து வச்சுக்கிட்டு, இன்ஃப்ளேஷன்னா நவம்பர்தான்னு எங்கயோ அரைகுறையா படிச்சுட்டு அந்தத் தேதியைப் போட்டுக் குத்துனது. எது நடந்திருந்தாலும் அந்த ஸ்டாம்ப் வேலை செஞ்ச ஸ்டாம்ப் இல்ல, வேலை செஞ்ச ஸ்டாம்ப்புக்கான காசு அதுக்குக் குடுக்க முடியாது. எனக்கு ரெண்டாவதுன்னுதான் தோணுது. ஒரே லாட்டுல ஒன்பது வர்றதுக்கு சலுகை சீல் ரொம்ப கண்ணியமான விளக்கம்.

அண்ணனுக்குப் போன் போட்டேன், ஒரே குதூகலம் எனக்கு, துப்பறிவாளன் ஆயிட்ட மாதிரி. அவர் சிரிச்சாரு. "இது எல்லாருக்கும் தெரியிற திருட்டு தம்பி. அடுத்தது பாத்தியா? நேரத்தைப் பாரு."

நேரமா? அப்பதான் கவனிச்சேன். அந்தக் காலத்து ஜெர்மன் சீல்ல தேதிக்குப் பின்னாடி எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணிக்குள்ள குத்துனதுன்னும் இருக்கும், 6-7-ன்னு போட்டு பக்கத்துல 'என்' எழுத்து இருந்தா மதியத்துக்கு மேல, 'வி' எழுத்து இருந்தா மதியத்துக்கு முன்ன. 24 மணிக் கணக்கு அங்க வந்ததே 1927-ல. என் லாட்டுல ரெண்டு 75 டவுசென்ட் ஸ்டாம்ப் இருந்துச்சு, தேதி 11.9.23, ரேட்டுக்கு அப்படியே பொருந்துது, செப்டம்பர் 1-லேர்ந்து 19-க்குள்ள, நான் அதை 'ரொம்ப நல்லது' குவியல்ல மேலயே வச்சிருந்தேன். லென்ஸை வச்சுப் பாத்தா தேதிக்குப் பின்னாடி 18. வெறும் 18, எழுத்து எதுவும் இல்ல. நாலு வருஷம் கழிச்சுப் பொறக்கப் போற நேரக் கணக்கை வச்சு 1923-ல சீல் குத்தியிருக்காங்க. இவன் முதல் ஆளை விட கெட்டிக்காரன், ரேட்டு பட்டியலைப் படிச்சிருக்கான், ஆனா கையில கிடைச்ச பிற்காலத்துக் கட்டையை வச்சு தேதியை மட்டும் பின்னாடி தள்ளிட்டான்.

இன்னொரு ஸ்டாம்ப்புல 7.2.24. இது சிம்பிள். இந்த மார்க் ஸ்டாம்ப் எல்லாம் 1923 டிசம்பர் 31-ஓட காலி. பிப்ரவரில செல்லாது.

இதுவரைக்கும் நான் ஹீரோ. இப்ப சொதப்புனதையும் சொல்லிடுறேன். ஒரு 75 டவுசென்ட் 3.10.23 தேதியோட இருந்துச்சு. அக்டோபர் 1-லயே லெட்டர் 20 லட்சம் ஆயிடுச்சே, 75 ஆயிரத்தை எவன் ஒட்டுவான்னு தூக்கி கள்ள குவியல்ல போட்டுட்டேன். அண்ணன் கேட்டாரு, "கார்டு ரேட்டு என்ன அன்னிக்கு?" 8 லட்சம். "வீட்ல ரெண்டு இரண்டரை லட்சம் ஸ்டாம்ப்பும் நாலு 75 ஆயிரமும் மிச்சம் இருந்தா என்ன பண்ணுவ?" கூட்டிப் பாத்தேன். அஞ்சு லட்சமும் மூணு லட்சமும் எட்டு லட்சம். கச்சிதம். ரேட்டு ஏறுன மறுநாளே ஜனங்க பழைய ஸ்டாம்ப்பைக் குப்பையில போடல, நாலு அஞ்சு சேத்து ஒட்டித் தீத்தாங்க, யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வோம், நம்ம வீட்டுல பழைய ரேஷன் பையைத் தூக்கிப் போடுறோமா என்ன. ரேட்டுல ஒண்ணு ரெண்டு படி பழைய ஸ்டாம்ப் இயல்பு. அந்த நவம்பர் 12 கும்பல் மாதிரி ஏழெட்டு படி பழசுதான் இடிக்கும். அந்த ஸ்டாம்ப்போட சீலைத் திரும்பப் பாத்தேன், மசி லேசா பரவி, கொஞ்சம் சாய்வா, பக்கத்து ஸ்டாம்ப் மேல பாதி விழுந்திருக்கணும்னு தெரியிற மாதிரி ஓரத்துல வெட்டுப்பட்டு நிக்குது. அழகே இல்ல. வேலை செஞ்ச முகம்.

ஆக கடைசிக் கணக்கு: படிக்க முடியாதது 14, தேதி ரேட்டோட ஒத்து வர்றது 17, நவம்பர் 12 கும்பல் 9, நேரம் தப்பினது 2, செல்லாத காலத்துது 1, முடிவு பண்ண முடியாதது 3.

17-ம் அசல்னு நான் சொல்லல, கவனிங்க. தேதி ஒத்து வந்தா சந்தேகம் ஒரு படி குறையுது, அவ்வளவுதான். கெட்டிக்காரக் கள்ளன் சரியான தேதியிலதான் குத்துவான். அதுக்குத்தான் ஜெர்மனியில இந்தக் காலத்து ஸ்டாம்ப்புக்குன்னே இன்ஃப்ளா பெர்லின்னு ஒரு சங்கம் இருக்கு, அங்க உள்ள நிபுணருங்க தெரிஞ்ச கள்ள முத்திரைகளோட ஒப்பிட்டுப் பாத்து ஸ்டாம்ப்போட பின்பக்கம் பொடியா ஒரு குறி போட்டுக் குடுப்பாங்க. மிக்கெல்ங்கிற ஜெர்மன் ஸ்டாம்ப் விலைக் கேட்டலாக்ல இந்த ஸ்டாம்ப்புங்களுக்கு 'யூஸ்டு'ங்கிற கட்டத்துல போட்டிருக்கிற விலையே அப்படி நிபுணர் பாத்து ஓகே பண்ணதுக்குத்தான். இதைத் தெரியாம கேட்டலாக் விலையைப் பாத்துட்டு, பாதி விலைக்குத் தர்றான் சூப்பர் டீல்னு வாங்குறவங்கதான் அந்த மார்க்கெட்டுக்கு சோறு போடுறாங்க. நானும் ஒரு வேளை போட்டேன். அதே நேரம் சாதா 20 டவுசென்ட், 75 டவுசென்டுக்கெல்லாம் நிபுணருக்கு அனுப்புற செலவு ஸ்டாம்ப் விலையை விட ஜாஸ்தி, அதுங்களுக்கு நாமளேதான் நிபுணர்.

இந்த சீல் ஜாதகமெல்லாம் வேண்டாம், நிம்மதியா சேக்கணும்னா என்ன வழின்னு கேட்டா நான் சொல்றது கவர். முழு கவர், உறையோட. விலையும் பயப்படுற மாதிரி இல்ல, சாதா பிசினஸ் லெட்டருங்க நிறையவே தப்பிப் பிழைச்சிருக்கு.

என்கிட்ட ஒண்ணு இருக்கு, இதை மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும். லைப்சிக்லேர்ந்து கெம்னிட்ஸ் போன ஒரு கம்பெனி லெட்டர், மட்டமான பழுப்பு உறை, டைப் அடிச்ச அட்ரஸ். மேல நாலு ஸ்டாம்ப். 300 மார்க் மேல அடிச்ச 75 டவுசென்ட் மூணு ஒண்ணோட ஒண்ணு ஒட்டினபடி பச்சையா, பக்கத்துல 25 மார்க் மேல அடிச்ச 25 டவுசென்ட் ஒண்ணு. சீல் 28.9.23, 6-7, 'என்' எழுத்து, அதாவது சாயங்காலம் ஆபீஸ் மூடுற நேரத்துத் தபால். மூணு எழுபத்தஞ்சு இருநூத்தி இருபத்தஞ்சு, கூட இருபத்தஞ்சு, இரண்டரை லட்சம். செப்டம்பர் 20 ரேட்டுக்கு ஃபெனிக் பிசகாம வருது. சீல் வட்டம் ஸ்டாம்ப்புலேர்ந்து இறங்கி உறை மேலயும் தொடருது, ஸ்டாம்ப் ஓரத்துல கோடு எங்கயும் தடுக்கல. மூணாவது ஸ்டாம்ப்புல டவுசென்ட்ங்கிற எழுத்து ஒரு மில்லிமீட்டர் கீழ இறங்கியிருக்கு, அச்சடிச்சவன் அவசரம். உறையைச் சாய்ச்சு லைட்ல பிடிச்சா அந்தக் கறுப்பு எழுத்து காகிதத்துல அழுந்தியிருக்கிற பள்ளம் தெரியும்.

அந்தத் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடிதான், செப்டம்பர் 26, ஜெர்மன் சான்சலர் ஷ்ட்ரேஸ்மானோட அரசாங்கம் ரூர்ல நடந்த ஒத்துழையாமையை நிறுத்திக்கிறோம்னு அறிவிச்சிருந்துச்சு. லெட்டர் எழுதினவரு அதைப் பேப்பர்ல படிச்சுட்டுத்தான் அன்னிக்கு ஆபீஸ் போயிருப்பாரு. அவர் ஒட்டின இரண்டரை லட்சம் மார்க், அந்த மாச சராசரி டாலர் கணக்குல பாத்தா கால் சென்ட். 1914-ல இதே லெட்டருக்கு 10 ஃபெனிக், அதாவது ரெண்டு சென்டுக்கு மேல. லட்சக்கணக்குல வாங்கியும் போஸ்ட் ஆபீஸுக்கு பழைய காசுல பத்துல ஒரு பங்குதான் வந்துச்சு. ரேட்டு எவ்வளவு ஓடுனாலும் மார்க் அதுக்கு முன்னாடி ஓடிக்கிட்டே இருந்துச்சு.

இந்த மாதிரி கவர் ஒண்ணு இதுக்கு முன்னாடியும் என் கையில இருந்துச்சுங்கிறதை சொல்ல வெக்கமா இருக்கு. காலேஜ் படிக்கும்போது தெரிஞ்சவர் ஒருத்தர் சும்மா குடுத்தாரு. பின்பக்கம் முழுக்க ஸ்டாம்ப், முன்பக்கம் இடம் பத்தாம பின்னாடி ஒட்டியிருக்காங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா, உறை அழுக்கா இருக்குன்னு தண்ணி பேசின்ல ஊற வச்சு எல்லா ஸ்டாம்ப்பையும் பதமா பிரிச்சு, டவல்ல காய வச்சு, ஆல்பத்துல வரிசையா அடுக்கி, உறையைக் குப்பையில போட்டேன். அந்த ஸ்டாம்ப்புங்க இப்பவும் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் சீலோட ஒரு துண்டு. எந்த ஊரு, எந்தத் தேதி, மொத்தம் எத்தனை, எதுவும் இப்ப சொல்ல முடியாது. கள்ளன் செஞ்சதை விட பெரிய வேலை அது.

நவம்பர் கதையை ரெண்டு வரியில முடிச்சிடுறேன், ஏன்னா அதுல ஓவர்பிரின்ட் கம்மி, வட்டத்துக்குள்ள நம்பர் போட்ட புது டிசைன்தான் ஜாஸ்தி, உச்ச விலை 50 மிலியார்டன், நம்ம கணக்குல 5,000 கோடி. பெர்ஃபரேஷன் ஓட்டை போட நேரம் இல்லாம சிலதுக்கு வெறும் கீறல் மட்டும் போட்டு அனுப்பினாங்க. நவம்பர் 26-லேர்ந்து 30 வரைக்கும் இன்னொரு வேடிக்கை, புது ஓவர்பிரின்ட் எல்லாம் அடிக்கல, ஸ்டாம்ப்புல என்ன விலை போட்டிருக்கோ அதை நாலு மடங்கா எடுத்துக்கோன்னுட்டாங்க. 20 மிலியார்டன் ஸ்டாம்ப் ஒட்டினா 80-ன்னு அர்த்தம். அந்த அஞ்சு நாள் கவரைப் பாத்து, இதுல காசு பத்தாதேன்னு நான் ஒரு தடவை வாங்காம விட்டுட்டேன், பத்தாம இல்ல, எனக்குத்தான் விஷயம் பத்தல. ஸ்டாம்ப் சப்ளை இல்லாத ஊர்ல காசை கையில வாங்கிக்கிட்டு 'கட்டணம் செலுத்தியாச்சு'ன்னு ஜெர்மன்ல ஒரு சீலை மட்டும் குத்தி அனுப்பினதும் உண்டு, அதையும் தனியா சேக்குறவங்க இருக்காங்க. டிசம்பர் 1-ல லெட்டருக்கு புதுப் பணத்துல 10 ரென்டன்ஃபெனிக், பழைய பேப்பர் மார்க்ல 10,000 கோடி. 1914-ல இருந்த அதே 10-க்கு வந்து நின்னாங்க.

ஹங்கேரிக்காரன் 1946-ல இதை விட மோசமா மாட்டினப்ப, நம்பர் அடிச்சு மாளாதுன்னு ஓவர்பிரின்ட்ல விலையையே போடல, வெளியூர் லெட்டர், ரெஜிஸ்டர் லெட்டர், பார்சல்னு சேவையோட சுருக்கெழுத்தை மட்டும் அடிச்சு விட்டான். அன்னிக்கு என்ன ரேட்டோ அதுதான் அந்த ஸ்டாம்ப் விலை. ஜெர்மன்காரனுக்கு இது ஏன் தோணலன்னு எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான்.

லாட் விஷயம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. விக்கிறவருக்கு போட்டோவோட, கணக்கோட, அந்த 18 மணி விஷயத்தோட நீளமா எழுதினேன். 'ஸ்டாம்ப் ஒரிஜினல், சீல் இருக்கு, நான் சொன்னதும் அதுதான்'னு ஒரு வரி பதில். டெக்னிக்கலா அவர் சொன்னது தப்பு இல்லங்கிறதுதான் எரிச்சல். திருப்பி அனுப்புற கூரியர் செலவைப் பாத்துட்டு நானே வச்சுக்கிட்டேன்.

அந்த 12 தப்பு சீல் ஸ்டாம்ப்பும் ஒரு தனி கிளாசின் காகிதப் பையில, மேல 'கள்ள சீல், விக்காதே'ன்னு பென்சில்ல எழுதி வச்சிருக்கேன், நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா வீட்ல யாரும் தெரியாம வித்துடக் கூடாதுல்ல. முடிவு பண்ண முடியாத மூணுல ஒண்ணு, 10 ஃபெனிக் மேல அடிச்ச 8 லட்சம், வெளிர் பச்சை. தேதியில நாள் தெரியல, .10.23 மட்டும் தெரியுது, ஊர் பேருல கடைசி நாலு எழுத்து 'பர்க்'னு முடியுது. ஜெர்மனியில பர்க்னு முடியிற ஊரு எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. அண்ணன் ரெண்டு தடவை லென்ஸ் வச்சுப் பாத்துட்டு, "அடுத்த வாரம் வெயில்ல வச்சு பாப்போம் தம்பி"ன்னாரு. மூணு வாரம் ஆச்சு, இங்க மழை விட்டபாடில்ல.